புகைப்படத்திலிருந்து டிஜிட்டல் தலை: குறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

ஒரு முகப் புகைப்படத்திலிருந்து உயிரோட்டமுள்ள முப்பரிமாண டிஜிட்டல் தலையொன்றை உருவாக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் இடறுகிறார்கள். ஆனால் இடறவைத்த கல் முதற்கட்டத்திலேயே கிடந்திருக்கும். மூக்கு பெருத்துவிட்டது என்று மூக்கைச் செதுக்குவார்கள். தோல் சாம்பல் பூத்துவிட்டது என்று நிறத்தைக் கூட்டுவார்கள். கண்ணில் உயிரில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், மென்பொருள் முதன்முதலில் தந்த தலையே இதைவிட மேலாக இருந்ததென்று தோன்றும்.

திருகோணமலையில், உப்புவெளியிலுள்ள என் வீட்டு முன்னறையில், வார இறுதிகளில் சில இளைஞர்களுடன் சேர்ந்து இந்த வேலையைச் செய்துவருகிறேன். எங்களிடம் வருபவை இரண்டு வகைப் படங்கள்: கைபேசியில் எடுத்து அனுப்பப்பட்டவை, சுவரில் மாலையோடு தொங்கும் சட்டத்திலிருந்து மறுபடி எடுக்கப்பட்டவை. இரண்டாவது வகைக்குரியவர் பெரும்பாலும் உயிரோடு இருப்பதில்லை. ஆகையால் தலை பிழைத்துப்போனால், “இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்” என்று கேட்கும் வழியும் எங்களுக்கு இல்லை. உயிரோடிருப்பவரின் முகமாயின், அவரிடமே நேரில் சம்மதம் கேட்காமல் நாங்கள் வேலையைத் தொடங்குவதில்லை.

கீழே உள்ளவை, முப்பரிமாண உருவங்களைச் செய்யும் மென்பொருளான பிளெண்டரையும், புகைப்படத்திலிருந்து தலையை உருவாக்க அதில் இணைத்துப் பயன்படுத்தும் ஃபேஸ்பில்டரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இதே வேலைக்குக் கரக்டர் கிரியேட்டர் என்ற மென்பொருளின் ஹெட்ஷொட்டைப் பயன்படுத்துவோருக்கும் காரணங்கள் இவையே; பொத்தான்கள் இருக்கும் இடங்கள் மட்டுமே மாறும்.

முதலில், பிழை எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று கண்டறிதல்

எதையும் திருத்தத் தொடங்குமுன் தலையை மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் பார்வையில், தலையின் மேல் போர்த்தியிருக்கும் தோல் படத்தை முழுவதும் நீக்கிவிட்டு, களிமண் சிலைபோல் சாம்பல் நிறத்தில் பாருங்கள். பிளெண்டரில் சொலிட் காட்சியே இதற்குப் போதும். இரண்டாம் பார்வையில், அதே சொலிட் காட்சியில் நிறத்துக்கு டெக்ஸ்சர் என்பதையும் ஒளிக்கு ஃபிளாட் என்பதையும் தெரிவுசெய்து, எந்த விளக்கும் படாத தோல் படத்தை மட்டும் பாருங்கள். மூன்றாம் பார்வையில், பக்கவாட்டில் ஒரேயொரு விளக்கை வைத்து முழுமையாக உருவாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்திலேயே ஆள் அடையாளம் தெரியவில்லையென்றால் பிழை உருவத்தில் இருக்கிறது. தோலில் எவ்வளவு பாடுபட்டாலும் அது தீராது. சாம்பலில் சரியாக இருந்து, விளக்கில்லாத தோலில் நிழலும் மினுக்கமும் தெரிந்தால் பிழை படத்தில் இருக்கிறது. முதலிரண்டும் சரியாக இருந்து மூன்றாவதில் மட்டும் கெட்டால், பிழை தோலின் அமைப்பு எண்களில் அல்லது கண்களில் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் தம்பிமாருக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்த மூன்று பார்வைகளைத்தான்.

குறி: உறுப்புகள் எல்லாம் சரி, ஆனால் ஆள் வேறு

இதுவே மிக அதிகமாக வருவதும் மனத்தை மிகவும் சோர்வடையச் செய்வதுமான பிழை. கண்ணும் மூக்கும் வாயும் புகைப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தும். தலையைச் சற்றுத் திருப்பியவுடன், மூக்கு முன்னே நீண்டு, கன்னங்கள் ஒடுங்கி, காதுகள் பின்னுக்குப் போய், அறிமுகமற்ற ஒருவர் நம்மைப் பார்ப்பார்.

காரணம், படம் எடுத்த தூரம். மூக்கு நுனிக்கும் காதுகளுக்கும் இடையே முன்பின்னாக ஏறத்தாழ 12 சென்றிமீற்றர் இருக்கிறதென்று கொள்வோம். கையை நீட்டித் தன்னைத்தானே எடுத்த படத்தில் கமரா மூக்கிலிருந்து 30 சென்றிமீற்றர் தூரத்தில் இருந்தால், காது 42 சென்றிமீற்றர் தூரத்தில் இருக்கும். அப்போது மூக்கு, காதோடு ஒப்பிடுகையில் 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதே ஆளை ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் இந்த வேறுபாடு 1.08 மடங்காகக் குறைந்துவிடும். முகத்தை மாற்றியது வில்லை அல்ல, தூரமே. அகன்ற வில்லை நம்மைக் கிட்டப் போகத் தூண்டுகிறது, அவ்வளவுதான். மென்பொருளுக்கு இந்தத் தூரத்தை நாம் சரியாகச் சொல்லாவிட்டால், தூரத்தால் விளைந்த மாற்றத்தையெல்லாம் அது அந்த மனிதரின் எலும்பமைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

திருத்தும் வழி: கைபேசிப் படமாயின், அதன் கோப்பிலேயே குவியத்தூரம் (வில்லை எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதைக் காட்டும் எண்) பதிந்திருக்கும். 35 மில்லிமீற்றர் ஃபிலிமுக்கு இணையான எண் எது என்று பார்த்து, அதைக் கமராவின் குவியத்தூரமாக இடுங்கள். பிளெண்டர் கமராவின் சென்சர் அகலம் முன்னிருப்பாக 36 மில்லிமீற்றர் என்பதால், அந்த எண்ணை அப்படியே இடலாம். ஆனால் படத்தை யாராவது வெட்டியிருந்தால் அந்த எண் பொருந்தாது. அகலத்தில் பாதியாக வெட்டிய படத்துக்குக் குவியத்தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். நடுவிலிருந்து வெட்டாமல் ஓரத்திலிருந்து வெட்டியிருந்தால் கமராவின் மையமும் விலகியிருக்கும். ஆகவே, வெட்டாத மூலப்படத்தை, வாட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பும்படி கேளுங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தோலின் நுண்மை போய்விடும். கோப்பில் பதிந்திருந்த எண்களும் கையில் கிடைக்கா.

பழைய ஸ்டூடியோப் படத்தில் இப்படி எந்த எண்ணும் கிடைக்காது. அங்கே காதுகள்தான் வழிகாட்டி. காதுகள் இரண்டும் நன்றாக வெளியே தெரிந்தால் படம் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கன்னத்துக்குப் பின்னே ஒளிந்திருந்தால் கிட்டத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். குவியத்தூரத்தை 35, 50, 85, 135 என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் கண், மூக்கு, வாய் ஆகியவற்றை மட்டும் ஊசிப் புள்ளிகளால் (மாதிரித் தலையைப் படத்தோடு பிணைக்கும் குறிகளால்) பொருத்துங்கள், காதைத் தொடாதீர்கள். நாம் தொடாமலே காது தன்னிடத்தில் வந்து பொருந்தும் எண்ணே சரியான எண். திருக்கடலூரைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்காகப் பெரியவர் ஒருவரின் தலையைச் செய்தபோது, 50இல் இரண்டு நாள் மல்லாடிய பிறகு 135இல் வைத்துப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் சாம்பல் நிறத்திலேயே அவர் வந்து நின்றார்.

சட்டமிட்ட படத்தை மறுபடி எடுக்கும்போது இன்னொரு பிழையும் சேரும். சுவரில் உயரத்தில் தொங்கும் படத்தைக் கீழிருந்து எடுத்தால், சட்டத்தின் மேல்பக்கம் குறுகி, நெற்றி ஒடுங்கித் தாடை அகன்றுவிடும். சட்டத்தைக் கழற்றித் தரையில் வைத்து, கண்ணாடியை நீக்கி, நேர் மேலிருந்து எடுங்கள். அது முடியாவிட்டால், படத்தின் நான்கு மூலைகளும் செங்கோணமாகும்வரை சரிசெய்த பிறகே முகத்தைத் தொடுங்கள்.

குறி: மச்சமும் வகிடும் இடம் மாறியிருக்கின்றன

முன்கமராவில் எடுத்த படத்தைச் சில கைபேசிகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலவே திருப்பிச் சேமிக்கின்றன. சட்டைப் பொத்தான் வரிசை, வகிடு, மச்சம், சட்டையிலுள்ள எழுத்து ஆகியவற்றைப் பார்த்து முதலிலேயே திருப்பிவிடுங்கள். அதே முன்கமராவில் அழகூட்டும் வசதி இயங்கியிருந்தால் தாடை ஒடுங்கியும் தோல் மெழுகியும் இருக்கும். அதைத் திருத்த வழியில்லை, வேறு படந்தான் வேண்டும்.

குறி: நேரே பார்த்தால் அவர், பக்கத்தில் பார்த்தால் யாரோ

ஒரே ஒரு நேர்ப்படத்தில் மூக்குத் தண்டின் உயரமும் நாடியின் முன்னீட்சியும் பதிவதில்லை. பதியாததை மென்பொருள் சராசரியிலிருந்து நிரப்புகிறது. இந்த முறையின் மூலம் 1999இல் பிளான்ஸ், ஃபெட்டர் என்ற இருவர் ஜெர்மனியின் தூபிங்கன் நகரிலிருந்து வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது: இளவயதினர் 200 பேரின், ஆண்கள் 100, பெண்கள் 100 என்ற கணக்கில், லேசர் ஸ்கேன்களை எடுத்து, எல்லா முகங்களையும் ஒரு சராசரி முகத்தின் மாற்றங்களாக எழுதிவைத்தார்கள். இன்றைய மென்பொருள்களில் தொகுப்புகள் மாறியிருந்தாலும், தெரியாத இடத்தில் சராசரியின் பக்கம் சாயும் இயல்பு மாறவில்லை. தொகுப்பில் இளையோர் மிகுந்தால் எழுபது வயதுக் கிழவரின் பக்கத்தோற்றம் இளமைப்படும். எம்மவரைப் போன்ற முகங்கள் குறைந்தால் மூக்கும் உதடும் எம்மை விட்டு விலகும்.

எனவே பக்கப்படம் ஒன்று கட்டாயம் தேடுங்கள். கலியாண அல்பத்தில் தாலி கட்டும் படம், கோணேசர் கோயில் வாசலில் குடும்பமாக நின்று எடுத்த படம், யாரோ ஒருவருடைய பிறந்தநாள் படத்தின் ஓரத்தில் திரும்பி நிற்கும் உருவம் என்று எங்காவது ஒன்று இருக்கும். அது மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. மூக்கு, உதடு, நாடி ஆகியவற்றின் வெளிக்கோடு மட்டும் போதும். ஃபேஸ்பில்டரில் அதை இரண்டாவது படமாகச் சேர்த்து, அதற்குரிய குவியத்தூரத்தைத் தனியாக இட்டுப் பொருத்துங்கள். ஆண்டுகள் மிக வேறுபட்ட படங்களை மட்டும் கலக்காதீர்கள். பல் போன பிறகு நாடியின் உயரமே மாறிவிடும். பக்கப்படம் எதுவுமே கிடைக்காவிட்டால், நேர்ப்படத்தில் மூக்கின் நிழல் மேலுதட்டில் எவ்வளவு தூரம் விழுகிறதோ, அதே திசையில் விளக்கை வைத்து, மாதிரித் தலையிலும் நிழல் அதே இடத்தில் விழும்வரை மூக்கை முன்பின் நகர்த்துங்கள்.

குறி: கண்ணுக்குக் கீழே எந்த விளக்கிலும் போகாத நிழல்

இது எமது ஊருக்கே உரிய தொல்லை. திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். மற்ற மாதங்களிலும் பகல் வெயில் சரிவதாயில்லை. அந்த வெயிலில் எடுத்த படத்தில் கண்குழி இருண்டு, மூக்கின் கீழும் கீழுதட்டின் கீழும் கறுப்புப் படிந்திருக்கும். அந்தக் கறுப்பு தோல் படத்தோடு ஒட்டிக்கொண்டு, நாம் பக்கவிளக்கு வைத்தாலும் நெற்றிக்கு மேலே ஒரு சூரியன் இருப்பதுபோல் அங்கேயே இருக்கும். கடற்கரையில் எடுத்த படத்தில் இதற்கு நேர்மாறாக, நிலாவெளியின் வெண்மணல் ஒளியைக் கீழிருந்து எறிந்து, தாடையின் அடிப்பகுதியை வெளுக்கச் செய்யும். அதுவும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

மறுபடி எடுக்கக்கூடுமாயின், வெயில் நேராக விழாத விறாந்தையில், வெளிவானத்தைப் பார்த்தபடி ஆளை அமர்த்துங்கள். மாரிகாலத்தில் முகில் மூடிய பகல் இதைவிடவும் நல்லது. வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடும். சுற்றிலும் நீலத் தார்ப்பாயோ, பச்சைச் சுவரோ, சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றின் சாயம் கன்னத்தில் ஏறும். முகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளொன்றைப் பிடிக்கச் சொல்லி ஒரு படமும் எடுத்துவைத்தால், வெண்மையை அதைக்கொண்டே சரிப்படுத்தலாம்.

எடுக்கமுடியாதாயின், விளக்கில்லாத தோல் படத்தைப் படத்திருத்தியில் திறந்து, அகன்ற நிழலை மட்டும் நீக்க வேண்டும். தோல் படத்தின் பிரதியொன்றை நன்றாக மங்கலாக்கினால் நிழலின் பரவல் மட்டும் தெரியும். அந்த மங்கலைக்கொண்டு மூலத்தின் வெளிச்சத்தைச் சமப்படுத்தினால், மயிர்த்துளைகளும் சுருக்கங்களும் தங்கி, நிழல் மெலியும். முழுவதும் நீக்க முயலாதீர்கள். கண்குழியில் இயல்பாகவே தோல் கருமையாக இருப்பவர்கள் எம்மிடையே பலர். ஒளிபட்ட கன்னத்தை மறுபக்கத்துக்குப் பிரதிசெய்து ஒட்டும் குறுக்குவழியையும் நான் விரும்புவதில்லை. இரண்டு கன்னமும் ஒன்றாகிவிட்ட முகம் எவருக்கும் இல்லை.

குறி: தோல் சாம்பல் பூத்திருக்கிறது அல்லது வெளுத்துவிட்டது

நான் மிகவும் கவனமெடுக்கும் பகுதி இதுதான். கறுத்த தோலைக் கணினி சரியாகக் காட்டாதபோது, பலர் அதை இயல்பென்று ஏற்றுக்கொண்டு, சற்று வெளுத்த தலையையே குடும்பத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். அது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

முதலில், மென்பொருள் நிறங்களைத் திரையில் எப்படிக் காட்டுகிறது என்ற காட்சி அமைப்பைப் பாருங்கள். பிளெண்டர் 2.80 முதல் ஃபில்மிக் என்பதையும், 4.0 முதல் ஏஜிஎக்ஸ் என்பதையும் முன்னிருப்பாக வைத்திருக்கிறது. இரண்டுமே மூலப்படத்தைவிடச் சற்றுச் செறிவு குறைந்த தோற்றத்தைத் தரும். புகைப்படத்தோடு ஒப்பிடும்போது மட்டும் ஸ்டாண்டர்ட் என்பதற்கு மாற்றிப் பாருங்கள்; அப்போதே நிறம் பொருந்தினால் தோல் படத்தில் குறையில்லை.

அடுத்தது மினுக்கம். தோலின் முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற எண்) ஏறத்தாழ 1.4. நேர்க்கோணத்தில் அது தெறிக்கும் ஒளி 2.8 சதவீதந்தான், வெளுத்த தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இது ஒன்றே. ஆனால் கறுத்த தோலில் மெலனின் உள்ளே போகும் ஒளியை உறிஞ்சிவிடுவதால், அதே மினுக்கம் அங்கே மிகவும் எடுப்பாகத் தெரியும். புகைப்படத்தில் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் பதிந்த வெண்மினுக்கத்தைத் தோல் நிறமென்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, அதன் மேல் தன் மினுக்கத்தையும் சேர்க்கும்போது, இரண்டு மினுக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சாம்பல் படர்கிறது. ஆகவே தோல் படத்திலுள்ள மினுக்கத்தைப் பக்கத்துத் தோலைக்கொண்டு நிரப்பிவிட்டு, மினுக்கத்தை, மேற்பரப்பின் சொரசொரப்பைக் குறிக்கும் ரஃப்னஸ் என்ற அளவால் மட்டுமே உண்டாக்குங்கள். புதிதாகப் படமெடுப்பவர்கள், விளக்கின் முன் ஒரு முனைவாக்கித் தாளையும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) கமராவின் முன் அதற்குச் செங்கோணமாகத் திருப்பிய முனைவாக்கி வடியையும் வைத்து எடுத்தால், மினுக்கம் பதிவாகாமலே தடுக்கலாம்.

மூன்றாவது, மென்பொருள் தானாகச் சேர்க்கும் அடிப்படைத் தோல். படத்தில் தெரியாத காதுப்பின்பக்கம், தாடையடி, உச்சி ஆகிய இடங்களை அது தன் கையிருப்புத் தோலால் நிரப்பி, முகத்தோடு கலக்கிறது. கையிருப்பு வெளுத்ததாயின் கலக்குமிடமெல்லாம் வெளுக்கும். கழுத்தடியில் நிழலில்லாத இடமொன்றிலிருந்து நிறமெடுத்து, கையிருப்புத் தோலை முதலில் அந்த நிறத்துக்குக் கொண்டுவந்த பிறகே கலக்கவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமாயின், மகன் அல்லது மகளின் முகத்தை விறாந்தை வெளிச்சத்தில் எடுத்து, நிறத்தை அங்கிருந்து பெறுகிறோம், பக்கத்தில் குடும்பத்தவர் ஒருவரை இருத்தி, “இன்னும் கறுப்போ, காணுமோ?” என்று கேட்டுக் கேட்டே நிறுத்துகிறோம்.

குறி: மெழுகுச் சிலை, அல்லது அம்மைத் தழும்புத் தோல்

மெழுகுபோல் தோன்றினால், ஒளி தோலுக்குள் ஊடுருவிச் சிதறும் அளவு கூடிவிட்டது. பிளெண்டர் 4ஆம் வரிசைப் பதிப்புகளில் இந்தச் சிதறலின் ஸ்கேல் 0.05 மீற்றர் என்று இருக்கும். அதாவது சிவப்பொளி 5 சென்றிமீற்றர் பரவும். மனிதத் தோலுக்கு அதைச் சில மில்லிமீற்றருக்கு, 0.003 போன்ற எண்ணுக்கு, இறக்க வேண்டும். ஆனால் தலையே உண்மை அளவில் இல்லாவிட்டால் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. அளவை நிறுத்த நல்ல கருவி கருவிழி வட்டம்: வளர்ந்தவர்களுக்கு அதன் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர், ஆளுக்காள் மாற்றம் மிகச் சிறிது. மாதிரித் தலையில் அது 12 மில்லிமீற்றராகும்வரை தலை முழுவதையும் பெருக்குங்கள் அல்லது சுருக்குங்கள்.

தோல் கரடுமுரடாகி, குழியெல்லாம் மேடாகத் தெரிந்தால், தோலின் மேடுபள்ளங்களை நிறங்களாக எழுதிவைத்திருக்கும் நோர்மல் படத்தைப் பாருங்கள். அதன் கலர் ஸ்பேஸ் நொன்-கலர் என்று இருக்க வேண்டும். எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் மேடுபள்ளம் பிழைக்கும். ரஃப்னஸ் படத்துக்கும் அதே விதி. மேடும் பள்ளமும் தலைகீழாக இருந்தால் நோர்மல் படத்தின் பச்சைத் தளத்தை (பச்சை நிற அளவை மட்டும்) தலைகீழாக்குங்கள். பிளெண்டர் ஓப்பன்ஜிஎல் முறையையும், கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் டிரெக்ட்எக்ஸ் முறையையும் கைக்கொள்வதால், ஒன்றுக்காகச் செய்த படம் மற்றதில் இப்படித் தலைகீழாகும்.

குறி: கண்ணில் உயிரில்லை

புகைப்படத்திலிருந்து வந்த கண்ணைப் பயன்படுத்தவே கூடாது. அதில் படமெடுத்தவரின் சன்னலோ ஃபிளாஷோ ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பதிந்து, தலை எங்கே திரும்பினாலும் அசையாமல் இருக்கும். கண்ணைத் தனிக் கோளமாக, 24 மில்லிமீற்றர் குறுக்களவில் வையுங்கள். கருவிழியின் மேலுள்ள ஒளிபுகும் படலம் சற்றுப் புடைத்து, 1.376 என்ற முறிவுச்சுட்டியோடு, கருவிழியிலிருந்து வேறான ஓர் அடுக்காக இருக்க வேண்டும். விளக்கின் மினுக்கம் அந்தப் புடைப்பில்தான் விழும். வெள்ளை விழியை வெள்ளையாக வைக்காதீர்கள். முதியவர்களுக்கு அது பழுப்போடும், வெயிலிலும் உப்புக் காற்றிலும் தொழில் செய்தவர்களுக்கு மூலையில் செம்மையோடும் இருக்கும். மேலிமையின் நிழல் அதன் மேல் விழ வேண்டும். கீழிமையின் விளிம்பில் மெல்லிய ஈரக்கோடு மினுங்க வேண்டும். இந்த ஈரக்கோடு இல்லாத கண், எவ்வளவு செய்தாலும் பொம்மைக் கண்தான்.

கண்கள் திடுக்கிட்டதுபோல் தெரிந்தால் மேலிமையைப் பாருங்கள்: இயல்பான பார்வையில் அது கருவிழி வட்டத்தின் மேல்விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மூடியிருக்கும். சற்று ஒன்றரைக் கண்போல் உள்நோக்கித் தெரிந்தால், இரண்டு கோளங்களையும் வெளிப்புறமாக நான்கைந்து பாகை திருப்புங்கள். நாம் பார்க்கும் கோடும் விழியின் நடுக்கோடும் ஒன்றல்ல என்பதால், கணக்குப்படி நேராக வைத்த கண்கள் நேராகத் தோன்றுவதில்லை.

குறி: மீசையும் பொட்டும் தோலில் வரைந்ததுபோல் இருக்கின்றன

அவை உண்மையிலேயே வரைந்தவைதான். மென்பொருளுக்கு மீசை ஒரு கறுத்த தோல், திருநீறு ஒரு வெளுத்த தோல். மூக்குத்தியையோ மூக்கின் ஒரு புடைப்பாகவே எடுத்துக்கொண்டு தலையின் உருவ வலையையும் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் தோல் படத்திலிருந்து முதலில் நீக்குங்கள். மீசை, புருவம், தாடி ஆகியவற்றைத் தனி மயிர் இழைகளாக, வேரில் தடித்து நுனியில் மெலிவதாக, மீண்டும் நடுங்கள். வேரடியில் தோலைச் சிறிது கருமையாக வைத்தால் இழைகள் தோலில் ஊன்றி நிற்கும். திருநீற்றையும் குங்குமத்தையும் தோலின் மேல் ஓர் அடுக்காக, மினுக்கமே இல்லாத பொடியாக வையுங்கள். மூக்குத்தி ஒரு தனிப் பொருள். கண்ணாடி அணிந்தவராயின் கண்ணாடியில்லாத படம் கேளுங்கள். இல்லையேல் சட்டத்தின் நிழலைக் கன்னத்திலிருந்து நீக்கும் வேலை உங்களைத் தேடி வரும்.

குறி: வாயைத் திறந்தால் உதட்டில் பல் ஒட்டியிருக்கிறது

சிரித்த படத்தைக் கொண்டு செய்த தலை இது. பல் உதட்டின் தோலாகிவிட்டது. சிரிப்பின் கோடுகள் முகத்தின் நிலையான கோடுகளாகிவிட்டன. இந்தத் தலையில் சிரிக்கும் பாவனையைக் கூட்டினால் ஒரு சிரிப்பின் மேல் இன்னொரு சிரிப்பு ஏறும். வாய் மூடிய, பாவனையற்ற படமே வேண்டும். அடையாள அட்டைப் படம் முகவெட்டுக்கு அழகாக இல்லாவிட்டாலும் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. அப்பிள் நிறுவனத்தின் ஏஆர்கிட் வகுத்துள்ள 52 முகபாவனைகளையும் ஒன்றொன்றாக முழு அளவுக்கு இழுத்துப் பாருங்கள். எந்தப் பாவனையில் தோல் கிழிகிறதோ அங்கேயே திருத்துங்கள்.

குறி: கழுத்தில் கோடு, தலை மலைபோல் பெரிது

நிறம் ஒன்றாக இருந்தும் கழுத்தைச் சுற்றிக் கோடு தெரிந்தால், தலையும் உடலும் சேருமிடத்தில் இரட்டைப் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றை இணையுங்கள் அல்லது ஒன்றின் நோர்மலை (மேற்பரப்பு நோக்கும் திசையை) மற்றதற்கு மாற்றுங்கள். நிறக் கலப்பை நடுக்கழுத்தில் அல்லாமல் தாடையின் அடியில் மறையுங்கள். அன்ரியலுக்குள் கொண்டுபோனதும் தலை நூறு மடங்கு மாறினால், அங்கே ஓர் அலகு ஒரு சென்றிமீற்றர், பிளெண்டரில் ஒரு மீற்றர் என்பதே காரணம். இடையில் மின்சாரம் போனால் பிளெண்டர் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகச் சேமித்ததைத் தேடி எடுக்கலாம்; ஆனால் தோல் படத்தில் வரைந்தவை தனியே சேமிக்கப்படாவிட்டால் அதில் இருக்கமாட்டா. அவற்றைப் படமாகவே அடிக்கடி சேமியுங்கள்.

எல்லாம் முடிந்ததாகத் தோன்றும்போது தலையைச் சாம்பல் நிறத்துக்குத் திருப்பி, மீசையும் பொட்டும் இல்லாமல், இன்னார் என்று சொல்லாமல், அந்த வீட்டாரில் ஒருவருக்குக் காட்டுங்கள். திருக்கடலூர்ப் பெரியவரின் தலையை அவருடைய மனைவிக்குக் காட்டியபோது அந்த அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “அவர்தான், ஆனால் காது அவருடையது இல்லை” என்றார். காதின் இடத்தைத்தான் படம் எங்களுக்குச் சொல்லியிருந்தது. மடல்களின் வடிவம் பழைய தாளில் வெளுத்துப்போயிருந்ததால், அதை மென்பொருளின் சராசரியிலிருந்தே விட்டுவைத்திருந்தோம். அவருடைய தம்பியின் காதைப் பக்கவாட்டில் படமெடுத்துப் பொருத்தி, மறுபடி கொண்டுபோய்க் காட்டினோம். இப்போது எந்தக் குடும்பம் வந்தாலும், காது தெளிவாகத் தெரியும் படமொன்றையும் சேர்த்துக் கொண்டுவரும்படி முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.